பெயர் கேட்காதவர்

ஜனவரி 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் நீ உன் அண்ணனைக் கூப்பிட்டு, "என்னண்ணா இது?" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் கொஞ்சம் ஆறிப்போய் வந்துசேரும். இது நமக்குள் இருக்கட்டும்.

உன் அண்ணன் பைனாகுலர் வாங்கியிருக்கிறார்.

சிரிக்காதே. வாழ்நாளில் லிஃப்ட் பழுது பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் தலை நிமிர்ந்திராத மனிதர். இப்போது சனிக்கிழமை தவறாமல், வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்து, பூனை மாதிரி ஓசைப்படாமல் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். ஊருக்கு வெளியே ஒரு சதுப்பு ஏரி இருக்கிறது, அதை ஒட்டி ஒரு காடு. இரண்டும் பறவைகள் சரணாலயம். அங்கே ஒரு குழு சேர்ந்து பறவை பார்க்கிறதாம்.

சரி, நல்ல பழக்கம்தானே என்றுதான் முதலில் நானும் இருந்தேன். திரும்பி வந்ததும் ஆசையாகக் கேட்டேன்.

"இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

"பறவைதான்."

"என்ன பறவை?"

"கறுப்பா ஒண்ணு."

அவ்வளவுதான். மூன்று மாதமாகக் கறுப்பாக ஒன்று. பறவை பார்த்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருவார்கள். அளவு எடுப்பதற்குள் எந்த மரத்தில் எந்தக் கிளையில் எதைப் பார்த்தோம் என்று சொல்லி நம் உயிரை எடுப்பார்கள். இவர் வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் போய் நிற்கிறார். தாடையைத் தடவிப் பார்க்கிறார். பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறார். இந்த வயதில் ஒரு ஆண்பிள்ளை எதற்காகக் கண்ணாடி பார்ப்பான், நீயே சொல்.

நான் சந்தேகப் பிராணி இல்லை. ஆனால் உங்கள் அப்பா கதையை நீதான் எனக்குச் சொன்னாய். ரத்தம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? உனக்கு ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் எழுது.

அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் சலவைக்கூடத்துக்கு வந்தது. வீட்டு விலாசம் தெரிந்தும் வேலை செய்யும் இடத்துக்கு ஏன் அனுப்பினீர்கள்? என் வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்றா? எல்லா ஆண்களும் ஒரு கட்சி என்று உங்களுக்கு நினைப்பு.

ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் மலைபோல் குவிந்திருக்க, மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றபடி படித்தேன். கடைசி வரிகளை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

எங்கள் அண்ணனை அந்த ஆளோடு சேர்த்து எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த ஆள் இன்னொருத்தியோடு போனபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அம்மா அந்தத் தட்டைத் தொடவே இல்லை. மறுவாரம் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒர்க்ஷாப்பில் கிரீஸ் துடைக்கப் போனான். அவன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை அந்த ஆள் என்றைக்கோ செத்துப்போனார். இனி அந்தப் பேச்சை எழுதவேண்டாம்.

உங்களுக்கு அவ்வளவு அரிப்பு இருந்தால் ஒரு சனிக்கிழமை நீங்களும் கூடப் போய்ப் பாருங்களேன். போன வருஷம் நான் வந்திருந்தபோது, ஃபிரிட்ஜ் நடுராத்திரியில் தானாகத் திறக்கிறது என்று காவல் இருந்தவர்தானே நீங்கள்.

நாத்தனார்


ஜனவரி 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. ரப்பர் போயிருந்தது. மெக்கானிக் வந்து சொன்னான்.

நீ சொன்னபடியே கூடப் போனேன். "நீ எதுக்கு? போரடிக்கும், கால் வலிக்கும், அட்டை கடிக்கும்" என்று உன் அண்ணன் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அட்டை கடித்தால் கடிக்கட்டும் என்று ஷூவை மாட்டிக்கொண்டு நின்றேன். முகம் சுருங்கிப்போயிற்று.

ஏரி அழகாகத்தான் இருந்தது. தண்ணீர்மேல் பனி புகை மாதிரி நின்றது. நாணல் நடுவே பலகைப் பாதை. அதன் முடிவில் பறவைகளுக்குத் தெரியாமல் நின்று பார்ப்பதற்கு ஒரு மரக்குடில், சுவரில் நீளமாகத் திறப்புகள். குழுவில் ஏழெட்டுப் பேர். கூட்டிக்கொண்டு போகிறவர் சரணாலயத்தில் வேலை பார்க்கும் ஒரு வயதானவர். தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தொப்பியைக் கண்வரை இறக்கி வைத்திருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரர். அவருக்கு ஒத்தாசையாக, மூன்று கால் வைத்த தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. மருந்துக்கடை வைத்திருக்கிறாளாம். சிவப்பு மப்ளர். லட்சணமாக இருந்தாள், என்னத்தைச் சொல்ல.

"சத்தம் போடாதீங்க, இடது பக்கம், அந்தக் காய்ஞ்ச கொம்புல," என்றார் தொப்பிக்காரர். மீன்கொத்தி. எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். உன் அண்ணனின் பைனாகுலர் மட்டும் வலது பக்கம் திரும்பியிருந்தது. வலது பக்கத்தில் யார் தெரியுமா? சிவப்பு மப்ளர், தொப்பிக்காரர் பக்கத்தில் நின்று தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் படக்கென்று, "எங்கே, நானும் பாக்கறேன்" என்று அதைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தேன். ஏரி வெறும் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் சும்மாவா குப்பை கொட்டினேன்? அப்படியே திருப்பி மப்ளர் பக்கம் வைத்தேன். நூல் நூலாகத் தெரிந்தது! ஏரிக்கு வந்தவர் குவியத்தைப் பத்தடி தூரத்துக்குத் திருகி வைத்திருக்கிறார்.

பிறகு காட்டுக்குள் போனோம். மரங்கொத்தி ஒன்று உச்சாணியில் கொத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்த்தார்கள். இவர் பார்வை மேலே போகவே இல்லை. நேர்மட்டத்தில் அப்படியே நின்றது. கழுத்தில் தொங்கிய வார் நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் மப்ளர்காரி ஃபிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் காபி ஊற்றினாள். இவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே வாங்கிக் குடித்தார். பார்க்காமல் இருப்பதுதான் பெரிய நடிப்பு, எனக்குத் தெரியாதா?

கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான். ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அண்ணி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

நமக்குள் இருக்கட்டும் என்றீர்கள். என்னால் முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

"சனிக்கிழமை அந்த சிவப்பு மப்ளர் யாரு?" என்று நேராகவே கேட்டேன். சிரித்தான். எனக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை அது.

"அவளா? அப்படி ஏதாவது இருந்திருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்!" என்றான்.

இதற்கு என்ன அர்த்தம்? வேறு பெண் இல்லை என்றா, இருக்கிறாள் ஆனால் அவள் இல்லை என்றா? நான் திரும்பக் கேட்பதற்குள் லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். போனில் காது தெரியவில்லை.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆனால் இப்போது எனக்கும் தூக்கம் வரவில்லை. பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் ஆகாது. அவனைக் கேளுங்கள். என்ன சொன்னான் என்று ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். கேட்டேன். நான் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரி பாவம், நல்ல பெண். நான்தான் வீணாக மனதைக் குழப்பிக்கொண்டு உன்னையும் குழப்பிவிட்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது நானும் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். போன வாரம் முக்குளிப்பான் பார்த்தோம். தண்ணீருக்குள் போனால் எங்கே வெளியே வரும் என்று சொல்லவே முடியாது.

நீ வேலையில் அதிகம் நிற்காதே. கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதியது யார்?

கரண்டி காணாமல் போனால் ஒரு பக்கம் எழுதுகிறவர் நீங்கள். உங்கள் புருஷன் வாயிலிருந்து உண்மையை வாங்கிவிட்டு அஞ்சு வரி எழுதுகிறீர்கள். மன்னிப்பு வேறு கேட்கிறீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களா? என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள். அவனுக்கு உடம்பு சரியில்லையா? கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்க்கிறான் என்றீர்களே, கட்டி ஏதாவதா? ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவள் நான். ஒரு படுக்கைவிரிப்பைப் பார்த்தாலே அதில் படுத்திருந்தவருக்கு என்ன என்று பாதி சொல்லிவிடுவேன். என்னிடம் மறைக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். மழை பெய்கிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "உனக்கு அப்பா முகம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். "எந்த அப்பா?" என்று கேட்டு நான் போனை வைத்துவிட்டேன். சாகப்போகிறவர்கள்தான் பழைய ஆட்களைத் தேடுவார்கள்.

உண்மையை எழுதுங்கள். இல்லாவிட்டால் கிளம்பி வந்துவிடுவேன்.

நாத்தனார்


மார்ச் 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதை நம்பு, பிறகு உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

உனக்குச் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை இப்போது உடைக்கிறேன். இத்தனை நாளும் அவர் என்னிடம் எதையோ ஒளிக்கிறார் என்று நினைத்துக் குமைந்தேனே, அவர் ஒளித்தது உன்னிடமிருந்து.

அந்தத் தொப்பிக்காரர் உங்கள் அப்பா.

மழைக்காலத்தில் சரணாலயத்துக் கண்காணிப்புக் கோபுரத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று உன் அண்ணனை அனுப்பியிருக்கிறார்கள். வேலை முடித்துக் கீழே வரும்போது, கதவருகே ஒரு கிழவர் நின்று காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாராம். வலது காலை இடது முழங்காலில் மடித்துப் போட்டு, தோளைச் சாய்த்து, இரண்டு தட்டு, பிறகு ஒரு தட்டு. சின்ன வயதில் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் அப்பா தட்டுவதும் அப்படியேதானாம். அடுத்த வாரம் பைனாகுலர் வாங்கினார்.

சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். நான், "அப்படின்னா போய்ப் பேசலையா?" என்றேன்.

"பேசறதுக்கு என்ன இருக்கு? பக்கத்துல நின்னு நல்லா வெறுக்கணும்னுதான் போனேன். இத்தனை வருஷமா தூரத்துல இருந்தே வெறுத்து அலுத்துப்போச்சு. கிட்டப் போய்ப் பாத்தா ஒண்ணும் தெரியல. ஒரு கிழவன் கொக்கைக் காட்டிட்டு நிக்கறான், அவ்வளவுதான்."

கண்ணாடி விஷயத்தையும் கேட்டேன். துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்தார். "தாடை அதே மாதிரி இருக்கு. வேற என்னல்லாம் அதே மாதிரி இருக்கோன்னு பாத்தேன்," என்றார். நான் ரத்தம் என்று உனக்கு எழுதிய வரி அப்போது ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கிழவருக்கு இவர் யார் என்று தெரியாது என்கிறார் உன் அண்ணன். எனக்கு அதில் சந்தேகம். புதிதாக யார் வந்தாலும் தொப்பிக்காரர் முதல் வேலையாகப் பெயர் கேட்பார். என்னிடம் கேட்டார். ஒரு தடவை ஒரு கைக்குழந்தையின் பெயரைக்கூடக் கேட்டார். ஐந்து மாதமாக வருகிற உன் அண்ணனிடம் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

கோபப்படு. ஆனால் உன் அண்ணனிடம் காட்டாதே. உனக்குத் தெரிந்தால் தன்னை நீ மன்னிக்கமாட்டாய் என்றுதான் பயப்படுகிறார்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

நான் உங்கள் ஊர் ஏரிக்கு வந்துவிட்டுப் போனேன். உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. புதன்கிழமை, அண்ணன் வரமாட்டான் என்று தெரிந்துதான் வந்தேன்.

நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவதாகத் திட்டம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என்னைத் தவிர யாரும் வரவில்லை. அவர் குடையோடு வந்தார். என்னைப் பார்த்தார். "வாங்கம்மா, பாத்து நடங்க, பலகை வழுக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பெயர் கேட்கவில்லை.

அப்போதே தெரிந்துவிட்டது, அண்ணி. உங்கள் சந்தேகம் சரி. ஆனாலும் நான் பேசாமல் பின்னால் போனேன். தாழைக்கோழி, நாமக்கோழி, சாம்பல் நாரை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க, எனக்குப் பசிக்கிற மாதிரியும் வாந்தி வருகிற மாதிரியும் இருந்தது. காட்டுக்குள் நுழைகிற இடத்தில் நின்றுவிட்டேன்.

"எல்லார்கிட்டயும் பேர் கேப்பீங்களாமே. என்கிட்ட ஏன் கேக்கல?"

குடையை மடக்கினார். "பேரு வச்சவனே நான்தான். அதைப் போய் எந்த முகத்த வச்சுக்கிட்டு கேக்கறது?"

"சனிக்கிழமை வர்றவர்கிட்ட?"

"மொத நாளே தெரியும். உங்கம்மா முகம் அப்படியே. நான் வாயைத் திறந்தா அவன் வர்றத நிறுத்திடுவானோன்னு பயம். அவன் பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஏன் போனீர்கள் என்று கேட்டேன். சப்பைக்கட்டு கட்டுவார் என்று காத்திருந்தேன், கட்டினால் கிழித்துப்போடலாம் என்று. கட்டவில்லை. ஆசை, வேறொன்றும் இல்லை என்றார். அந்தப் பெண் கொஞ்ச வருஷத்தில் இவரை விட்டுப் போய்விட்டாளாம். அப்போது ஒருநாள் எங்கள் தெருமுனை வரை வந்தாராம். அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டு அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். "நான் இல்லாம சிரிக்கப் பழகிட்டா. நான் வந்து நின்னா அது போயிடும்," என்று திரும்பிவிட்டாராம். இது நிஜமா, என்றைக்காவது சொல்வதற்கென்று மனதுக்குள் மெருகேற்றி வைத்திருந்த கதையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். நோய், ஆஸ்பத்திரி, அந்தக் கடைசி மாதம், எல்லாவற்றையும் ஈவிரக்கமில்லாமல் சொன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது. ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவன் சட்டையில ஒருநாளும் பொத்தான் விட்டுப்போயிருக்காது. அவதான் தைச்சுக் குடுக்கறான்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார். அது எங்க அண்ணி தைக்கிறது என்றேன்.

நான் கை கொடுக்கவில்லை. அவரே மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை கொண்டுவந்து விட்டார். நான் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இனி அவன் யாரோ மாதிரி நடிக்க வேண்டாம். என்மேல் கோபப்படுவானா? நான் போயிருக்கக் கூடாதோ?

நாத்தனார்


ஏப்ரல் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். படித்து முடித்ததும், "அவளுக்கு இருக்கற தைரியம் எனக்கு இல்ல," என்றார். கோபம் இல்லை. முந்தின சனிக்கிழமை அவருக்கு லிஃப்ட் வேலை வந்துவிட்டதால் நாங்கள் ஏரிக்குப் போயிருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பைனாகுலரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஏரிக்கரையில் குழு நின்றுகொண்டிருந்தது. தொப்பிக்காரரைக் காணவில்லை. அலுவலகத்தில் கேட்டோம். அவர் வேலையை விட்டுவிட்டாராம். வியாழக்கிழமையே, நீ வந்துபோன மறுநாள்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது. போகிற ஆள் போய்க்கொண்டேதான் இருப்பார் என்று கத்தினேன். அங்கே இருந்த பெண் பயந்துபோய், "நீங்கதான் சனிக்கிழமை வர்றவரா?" என்று உன் அண்ணனைக் கேட்டாள். "மலைக்கு மேல இன்னொரு காட்டுச் சரணாலயம் இருக்கு, அங்க காவலுக்குப் போறேன்னாரு. சனிக்கிழமை வர்றவர் கேட்டா மட்டும் எங்கன்னு சொல்லுங்க, வேற யார் கேட்டாலும் சொல்லவேண்டாம்னு சொல்லிட்டுப் போனாரு."

இது ஓடி ஒளிவதா, கூப்பிடுவதா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இந்தத் தடவை சொல்லிட்டுப் போயிருக்காரு," என்றார் உன் அண்ணன்.

"அப்போ போகப்போறீங்களா?"

"இல்ல. இத்தனை நாள் நான் அவர் பின்னாடி நடந்தது போதும்." அந்தப் பெண்ணிடம் பேனா வாங்கி நம் வீட்டு விலாசத்தை எழுதினார். மேலே தன் பெயரையும், பக்கத்தில் உன் பெயரையும் எழுதினார். "இத அவருக்கு அனுப்பிடுங்க. வர்றதா இருந்தா அவர் வரட்டும்," என்றார்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதியதற்கு நீ சண்டை போடுவாய் என்றேன். போடட்டும் என்றார். ஆகவே உன் சண்டையை நேரில் வந்து போடு.

அதிலிருந்து வீட்டில் அழைப்பு மணி அடித்தாலே இரண்டு பேரும் அப்படியே நின்றுவிடுகிறோம். வருவார் என்று நான் நம்பவில்லை. உன் அண்ணன் நம்புகிறாரா என்று கேட்டால், மணி சரியாக வேலை செய்கிறதா என்று போய்ப் பார்க்கிறார். நேற்று சாயங்காலம் மணி அடித்தது. அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்த் திறந்தார். மாடி வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்திருந்தார்.

ஏணியை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வரும்போது கதவைத் தாழ் போடவில்லை. நான் பார்த்தேன், நானும் போய்ப் போடவில்லை.

அண்ணி